இருட்டிய பிறகு ஒரு டம்ளர்

எங்கள் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும். செஞ்சிக் கோட்டை மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கும்போது எங்கள் அடுப்பும் அணைந்துவிடும். நாங்கள் சமணர்கள். விளக்கு வைத்த பிறகு சாப்பிட்டால் வெளிச்சத்தைத் தேடி வரும் பூச்சிகள் சோற்றில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு வேண்டாம் என்று முன்னோர்கள் வைத்த வழக்கம். என் சிறுவயதில் தெருவெல்லாம் டியூப் லைட் வந்திருந்தது, பூச்சிகளும் குறைந்துதான் போயிருந்தன. வழக்கம் மட்டும் குறையவில்லை. சிறுபிள்ளைகளுக்கு விலக்கு உண்டு என்றாலும் அம்மாவைப் பார்த்து நானும் இருட்டினால் வாயை மூடிக்கொள்ளப் பழகியிருந்தேன். பக்கத்து வீட்டில் எட்டு மணிக்குச் சுடும் தோசையை மூக்கால் மட்டுமே தின்று வளர்ந்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

இந்த விஷயத்தில் எங்கள் தெருவுக்கே நீதிபதி என் அத்தை. நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அக்கா. அடுத்த தெருவில் வீடு. யார் வீட்டில் வெங்காயம் தாளிக்கிறார்கள், யார் வீட்டில் விளக்கு வைத்த பிறகு தட்டுச் சத்தம் கேட்கிறது என்பதெல்லாம் அவளுக்கு எப்படியோ தெரிந்துவிடும். அத்தைக்கு யாரையும் எளிதில் பிடிக்காது. அம்மாவை மட்டும் பிடிக்கும். அம்மா தொண்டூர்க்காரி. பாவாடை கட்டிய வயதில் எடுத்த விரதத்தை ஒருநாளும் விட்டதில்லை. நான் பிறந்த அன்று, வலியில் உதடு காய்ந்து கிடந்தவளுக்கு நர்ஸ் தண்ணீர் கொடுத்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இருட்டிவிட்டது என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டாளாம். அத்தை இதைச் சொல்லாத விசேஷ வீடு கிடையாது. சொல்லி முடித்து, "எங்க தம்பி பொண்டாட்டி மாதிரி ஒருத்திய காட்டு பாக்கலாம்" என்று சபையைச் சுற்றிப் பார்ப்பாள். அம்மா அந்த நேரம் பார்த்து சமையலறைக்குள் போய்விடுவாள்.

இப்படி வாயைக் கட்டி வாழ்ந்த வீட்டில் எனக்குக் குடல் வியாதி வந்தது.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த வருடம் வலி ஆரம்பித்தது. தொப்புளுக்குக் கீழே வலது பக்கம் யாரோ ஈரத்துணி பிழிகிற மாதிரி இருக்கும். சாப்பிட்டால் வலிக்கும், சாப்பிடாவிட்டால் கண் இருட்டும். பள்ளிக்கூடத்தில் பாதி நேரம் கழிப்பறையில் போயிற்று. பாவாடை இடுப்பில் நிற்காமல் ஊக்கு குத்திக்கொண்டு போனேன். கூடப் படித்தவர்கள் வளர்ந்துகொண்டே போக, நான் போன வருடத்து உயரத்திலேயே நின்றுவிட்டேன். பள்ளியில் கோட்டைக்கு அழைத்துப் போனபோது ராஜகிரி அடிவாரத்திலேயே என்னை உட்கார வைத்து, எல்லோருடைய சாப்பாட்டுப் பைக்கும் காவல் போட்டார்கள். உச்சிக்குப் போய் வந்தவர்கள், கீழே லாரியெல்லாம் தீப்பெட்டி போலத் தெரிந்தது என்று சொல்லச் சொல்ல எனக்கு ஆத்திரமாக வந்தது. எந்த ஊரிலிருந்தோ வருகிறவர்கள் ஏறிவிட்டுப் போகிறார்கள். செஞ்சியில் பிறந்த நான் பைக்குக் காவல் இருந்தேன்.

உறவுக்காரர்கள் ஆளுக்கொரு வியாதி சொன்னார்கள். ஒருவர் கண் பட்டிருக்கிறது என்றார். ஒருவர் புழு என்றார். வயிற்றில் ஏதோ சிக்கிக்கொண்டிருக்கிறது, தொக்கம் எடுக்க வேண்டும் என்று ஒரு பாட்டி வீடு தேடி வந்தாள். திண்டிவனத்தில் ஒரு டாக்டர் குடலில் காசநோயாக இருக்கலாம் என்று மாத்திரை கொடுத்தார். அதுவும் எனக்கு உண்மையில் இருந்த நோயும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்குமாம், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த மாத்திரையால் எனக்குச் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனதுதான் மிச்சம். வகுப்பில் இதை நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

கடைசியில் புதுச்சேரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி. மயக்கம் கொடுத்து, கேமரா வைத்த குழாயைக் குடலுக்குள் விட்டுப் பார்த்தார்கள், சதை கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினார்கள். சில நாள் கழித்து அந்த டாக்டரம்மா எங்களை உட்கார வைத்து, குரோன்ஸ் என்று ஒரு வியாதியின் பெயரைச் சொன்னார். ஒரு தாளில் குடலை வரைந்து புண் இருக்கும் இடங்களில் பேனாவால் புள்ளி வைத்தார். ஆயுசுக்கும் இருக்கும், அடக்கி வைக்கலாம், ஆனால் வேரோடு போகாது என்றார்.

நைனா செலவைப் பற்றியோ மருந்தைப் பற்றியோ ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் அம்மா கேட்டுவிட்டாள்.

"நான் இவளுக்கு இன்னா மேடம் தப்பா குடுத்துட்டேன்? வெளிய ஒரு பஜ்ஜி வாங்கிக் குடுத்தது கெடயாது. இருட்டினா தண்ணி கூட குடிக்காத வீடு மேடம் எங்க வீடு."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "நீங்க ஒண்ணும் தப்பு பண்ணலம்மா. சாப்பாட்டால வந்ததில்ல இது. உடம்புக்குக் காவல் இருக்க வேண்டியதே அவ குடல எதிரின்னு நெனச்சி அடிக்குது. யார் வீட்டுப் பிள்ளைக்கும் வரலாம்."

அம்மா தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. எதையோ தவறாகச் செய்துவிட்டோம் என்றால் அதைத் திருத்திக்கொள்ளலாம். தவறே இல்லை என்றால் எதைப் பிடித்துத் திருத்துவது? இது நான் இன்று போடுகிற கணக்கு. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள் என்பதும், அதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது என்பதும்தான்.

டாக்டரம்மா பிறகு வைத்தியத்தைச் சொன்னார். குடலுக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். இரண்டு மாதம் சோறு, இட்லி, பழம், பிஸ்கட் எதுவும் கிடையாது. ஒரு பவுடரைத் தண்ணீரில் கரைத்து, பால் போல இருக்கும், அதை மட்டுமே குடிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பல வேளை, கடைசி வேளை இரவு எட்டு மணிக்கு மேல். இதில் புண் ஆறிவிட்டால் பிள்ளை வளருவாள். நடுவில் விட்டுவிட்டால் கடுமையான மருந்துக்கும், அதிலும் கேட்காவிட்டால் குடலை வெட்டி எடுக்கும் ஆபரேஷனுக்கும் போக வேண்டியிருக்கும். பெரியவர்களே இதைத் தாக்குப்பிடிக்க மாட்டார்கள், உங்கள் பெண் இருப்பாளா என்று பாருங்கள் என்றார்.

"எல்லாத்தையும் இருட்டறதுக்கு முன்னாடியே குடுத்துட்டா ஆகாதுங்களா?" என்று கேட்டாள் அம்மா.

"வயிறு தாங்காதும்மா. வாந்தி எடுத்துடுவா."

திரும்பி வருகிற பஸ்ஸில் திண்டிவனம் தாண்டியும் அம்மா அழுதுகொண்டே வந்தாள். நைனா என் மடியில் டப்பாக்கள் இருந்த பையை வைத்து, பிறகு தன் மடிக்கு மாற்றி, மறுபடி என் மடியில் வைத்தார். கோட்டை மலைகள் கண்ணுக்குத் தெரிந்ததும் அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பாத்துக்கலாம்" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பால் வெனிலா வாசனை என்று டப்பாவில் போட்டிருந்தது. சாக்பீஸைக் கரைத்துச் சர்க்கரை போட்டுக் குடித்துப் பார்த்தவர்களுக்கு அதன் ருசி தெரியும். எனக்குத் தைரியம் சொல்வதற்காக நைனா ஒரு மடக்குக் குடித்தார். "நல்லாதான இருக்குது" என்று சொல்லிவிட்டு அவசரமாகக் கொல்லைப் பக்கம் போனார். பகல் முழுக்க மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு டம்ளராக விழுங்கினேன். என் எதிரே சாப்பிட மனம் வராமல் நைனா தன் சோற்றை அத்தை வீட்டில் போய்த் தின்றுவிட்டு வந்தார்.

விளக்கு வைத்த பிறகு அம்மா கடைசி டம்ளரைக் கொண்டுவந்தாள். எனக்கு அப்போது பக்தி பொங்கியது.

"இருட்டிடுச்சிம்மா. நான் குடிக்க மாட்டேன்."

உடம்பு சரியில்லாதவர்களுக்கு விலக்கு உண்டு, பாவம் ஒட்டாது என்று அம்மா பொறுமையாக எடுத்துச் சொன்னாள். நான் அசையவில்லை. என் உறுதியில் விரதம் பாதி, வெனிலா பாதி. ஆனால் வெளியே விரதம் மட்டும்தான் தெரிந்தது. அம்மா கெஞ்சினாள், அதட்டினாள், ஆபரேஷன் என்ற சொல்லைக் கூடச் சொல்லிப் பார்த்தாள். கடைசியில் நான் அத்தையின் ஆயுதத்தையே எடுத்து வீசினேன்.

"ஒடம்பு சரியில்லன்னா குடிக்கலாம்னா, நான் பொறக்கும்போது நீ ஏன் தண்ணி குடிக்கல?"

அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். பிறகு உள்ளே போய் இன்னொரு டம்ளர் எடுத்து வந்தாள். என் பாலில் கொஞ்சம் அதில் ஊற்றினாள். டியூப் லைட் வெளிச்சத்தில், என் கண்ணெதிரே, அண்ணாந்து ஒரே மூச்சில் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இப்ப குடி" என்றாள்.

அந்த ஆச்சரியத்திலேயே நான் குடித்துவிட்டேன். ருசி கூடத் தெரியவில்லை. குறைந்ததற்கு ஈடாக இன்னும் கொஞ்சம் கரைத்துக் கொடுத்தாள், அதையும் குடித்தேன். குடித்து முடித்து, ஏதாவது நடக்கும் என்று கூரையைப் பார்த்தேன். பல்லி ஒன்று இருந்தது, அவ்வளவுதான்.

அன்றிலிருந்து தினமும் விளக்கு வைத்த பிறகு இரண்டு டம்ளர் வந்தன. அம்மா ஒன்று, நான் ஒன்று. முதலில் யார் முடிக்கிறார்கள் என்று பந்தயம் வேறு. அம்மா ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. அம்மாவுக்கு அந்தப் பால் பிடித்துவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். வேறு என்ன காரணம் இருக்க முடியும்?

இதற்கிடையில் ஊருக்குள் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. வேறு ஊராக இருந்தால், வேறு ஜனமாக இருந்தால், ஐயோ பாவம், பிள்ளை சோறு தின்னாமல் கிடக்கிறதே என்று உச்சுக் கொட்டியிருப்பார்கள். எங்கள் ஜனத்தின் காதில், ஒரு சின்னப் பெண் இரண்டு மாதம் அன்னம் தொடாமல் இருக்கிறாள் என்று விழுந்ததும் கை தானாகக் கூப்பிக்கொண்டது. நோன்பு! பெரியவர்களே ஒரு வாரம் இருந்தால் மாலை போடுவார்கள். கோயிலில் என்னைப் பார்த்ததும் பெண்கள் விலகி வழி விட்டார்கள். நகைக்கடை வைத்திருந்த ஒரு மாமா, குனிந்து என் காலைத் தொட்டுவிட்டார். எனக்குக் கூச்சம் எல்லாம் வரவில்லை. மறு காலையும் காட்டியிருப்பேன், அம்மா இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அம்மா யாரையும் ஏமாற்றவில்லை. கேட்டவர்கள் எல்லோரிடமும், "நோன்பு இல்லீங்க, கொழந்தைக்கு கொடல்ல வியாதி, வைத்தியம் பண்றோம்" என்று உள்ளதைச் சொன்னாள். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். தவத்தை வெளியே காட்டிக்கொள்ளாமல் எவ்வளவு அடக்கமாகச் சொல்கிறாள் பார் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல என் புகழ் ஏறிக்கொண்டே போனது.

ஒரு நாள் மட்டும் அம்மாவுக்குக் கோபம் வந்தது. சிங்கவரம் போகிற பக்கம் திருநாதர் குன்று இருக்கிறது. அதன் மேலே பெரிய பாறையில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். அங்கே ஒரு முனிவர் உணவை விட்டு உண்ணாமலே உயிர் துறந்தார் என்று கல்லில் எழுதியிருக்கிறது. கோயிலில் ஒரு அம்மாள் என் கன்னத்தை வழித்து, "நம்ம குன்றுல சோத்த வுட்டு முக்தி அடஞ்சாரே, அவரே வந்து பொறந்த மாதிரி இருக்குது" என்றாள். நல்ல மனதோடு சொன்ன வார்த்தைதான். அம்மாவின் முகம் கறுத்துவிட்டது.

"அவரு போறதுக்காக சோத்த வுட்டாரு. எம்பொண்ணு இருக்கறதுக்காக வுட்டிருக்கா" என்றாள் சத்தமாக.

கோயிலில் அம்மா குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றுதான். வீட்டுக்கு வந்ததும் நைனாவிடம், வைத்தியம் முடிந்ததும் இவளுக்கு முதல் சோற்றை அந்தக் குன்றின் மேலேயே ஊட்ட வேண்டும், அந்தப் பாறைக்கு எதிரிலேயே ஊட்ட வேண்டும் என்றாள். நைனா எதற்கு என்று கேட்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டு மண்டிக்குப் போய்விட்டார்.

நைனாவுக்கு மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மண்ணுக்கடியில் விளையும் கிழங்குகள் எங்களுக்கு ஆகாது. மல்லாட்டை மட்டும் அந்தப் பட்டியலிலிருந்து எப்படியோ தப்பித்தது. தப்பித்திராவிட்டால் எங்கள் குடும்பம் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. பள்ளி விட்டு நான் மண்டியில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு மாதம் கடந்திருந்த சமயம். அறுவடைக் காலம். சிங்கவரத்துக் குடியானவர் ஒருவர், மூட்டையோடு, நைனாவுக்கென்று வீட்டில் வேகவைத்த பச்சை மல்லாட்டையும் ஒரு துணிப்பையில் கொண்டுவந்து வைத்துவிட்டு எடை போடுகிற இடத்துக்குப் போனார். உப்புப் போட்டு அவித்தது. இன்னும் ஆவி பறந்துகொண்டிருந்தது.

அந்த வாசனைக்கு முன்னால் குடலாவது, டாக்டராவது. கை தானாகப் போனது. ஒன்றை எடுத்து நகத்தால் அழுத்தினேன். உள்ளே இருந்த உப்புத் தண்ணீர் விரலில் வழிந்தது. ரோஜா நிறத்தில் இரண்டு பருப்பு. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன்.

"யம்மா பாப்பா, நீதான அந்த நோம்பு இருக்கற பொண்ணு?" குடியானவரின் மனைவி எதிரே நின்றிருந்தாள். கண்ணில் அப்படி ஒரு மரியாதை. "எங்க மாடு செனை புடிக்க மாட்டேங்குது தாயி. வெளிய வண்டியிலதான் கட்டியிருக்குது. வந்து ஒரு தரம் தடவிக் குடுத்துட்டு வந்துடறியா?"

மல்லாட்டையைப் பைக்குள் போட்டேன். விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். போய் மாட்டைத் தடவிக் கொடுத்தேன். ஒரு மாட்டுக்கே ஆசீர்வாதம் செய்த பிறகு திரும்பி வந்து மல்லாட்டை தின்ன முடியுமா? அந்த வருடமே மாடு சினை பிடித்துக் கன்று போட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன். அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, சுவரில் சாய்ந்து சிரித்தாள். புதுச்சேரி போய் வந்த பிறகு அம்மா சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

என் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் சாயங்காலம் அத்தை வந்திருந்தாள். என் தலையைக் கோதி, "எம்மருமவ வைராக்கியம் யாருக்கு வரும், எல்லாம் அவ அம்மா ரத்தம்" என்று ஆரம்பித்தாள். பிரசவ அறைக் கதை வரப்போகிறது என்று தெரிந்தது.

"அம்மா மட்டும் இன்னா அத்த, ராத்திரி ஆனா எம்பால்ல பங்கு கேக்குது" என்றேன். "டெய்லி ஒரு டம்ளர். அதுக்கு ரொம்ப புடிச்சிப் போச்சி."

அத்தையின் கை என் தலையிலேயே நின்றது. அம்மாவைப் பார்த்தாள். அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள். "ஆமா அண்ணி" என்றாள். அத்தை எழுந்து, ஊற்றி வைத்திருந்த மோரைத் தொடாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் வீட்டுப் பக்கமே வரவில்லை. அவளுக்கும் பால் கொடுக்காததால் கோபம் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா வழக்கம்போல அன்று இரவும் இரண்டு டம்ளரோடு வந்தாள்.

வலி எப்போது நின்றது என்று என்னால் சொல்ல முடியாது. இருக்கும்போது கவனித்த அளவுக்கு அது போனதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு நாள் காலையில் ஊக்கு இல்லாமல் பாவாடை இடுப்பில் நின்றது. நான் அதைச் சொன்னபோது அம்மா பாவாடையை இழுத்து இழுத்துப் பார்த்தாள், நிஜமாகவே நிற்கிறதா என்று. நைனா மண்டித் தராசில் என்னை உட்கார வைத்து நிறுத்தார். ஒரு மாதத்தில் எடை கூடியிருந்தது. மூட்டை தூக்குகிறவர்களை எல்லாம் கூப்பிட்டுத் தராசைக் காட்டினார். வயதுக்கு வந்த பெண்ணாக இருந்தால் வெட்கப்பட்டிருப்பேன். அன்று நானும் ஒரு மூட்டை போலத்தான் பெருமையாக உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு மாதம் முடிந்து புதுச்சேரிக்குப் போனபோது டாக்டரம்மா ரத்தச் சோதனையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சோதனையைப் பார்த்தார். புண் ஆறி வருகிறது, சோறு ஆரம்பிக்கலாம், முதலில் குழைந்த கஞ்சி, பிறகு ஒவ்வொன்றாக என்றார். "எப்படிம்மா சாதிச்சீங்க?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா என்னைக் காட்டினாள். நான் என்னையே காட்டிக்கொண்டேன்.

அந்த வியாதி இன்றும் என்னோடு இருக்கிறது. நடுவில் இரண்டொரு முறை முறைத்துப் பார்த்தது, மருந்தை மாற்றினார்கள். இப்போது ஊசி போட்டுக்கொள்கிறேன். ராஜகிரியை ஏறிவிட்டேன், மேலிருந்து லாரிகளையும் பார்த்துவிட்டேன். ஆனால் என் மனதில் நான் ஏறிய மலை என்றால் அது திருநாதர் குன்றுதான்.

நோன்பு முடிப்பதை நாங்கள் பாரணை என்போம். ஊர் விடுமா? வியாதி, வைத்தியம் என்று அம்மா தொண்டை வற்றச் சொல்லியும், விடிந்ததும் விடியாததுமாக ஒரு கூட்டம் குன்றின் அடிவாரத்தில் தாம்பாளத்தோடு நின்றது. அத்தையும் வந்திருந்தாள், கையில் ஒரு கரும்போடு. முதல் தீர்த்தங்கரர் தம்முடைய நீண்ட நோன்பைக் கரும்புச் சாற்றில்தான் முடித்தார், அதனால் இவளுக்கும் கரும்புச் சாறுதான் என்றாள். அத்தனை நாள் கழித்து அம்மாவிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"டாக்டர் கஞ்சிதான் சொல்லியிருக்காங்க அண்ணி" என்றாள் அம்மா.

அத்தை யோசித்தாள். "சரி, கஞ்சிக்கு கரும்ப காட்டிட்டு எடுத்துடலாம்" என்றாள்.

நைனா என்னைத் தூக்கிக்கொள்ளக் குனிந்தார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு நானே ஏறினேன். மூச்சு வாங்கியது, வயிறு வலிக்கவில்லை. பாதி வழியில் திரும்பிப் பார்த்தால் கூட்டம் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. நான் எல்லோருக்கும் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்! பைக்குக் காவல் இருந்தவள் அதே ஊரில், அதே கால்களால். எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன். தவசி கத்தலாமா என்று யாரும் கேட்கவில்லை. தூரத்தில் ராஜகிரி வெயில் பட்டு நின்றது. மேலே பாறையில் தீர்த்தங்கரர்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு எதிரே ஒரு மணையைப் போட்டு என்னை உட்கார வைத்தார்கள்.

அம்மா தூக்குவாளியைத் திறந்து கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றினாள். அத்தை கரும்பை அதற்குக் காட்டிவிட்டு எடுத்தாள். நோன்பு முடிப்பவருக்கு முதல் வாய் ஊட்டுகிறவர், தானும் விரதம் குலையாதவராக இருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அது யார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை. பிரசவ அறைக் கதையைக் கேட்காதவர்கள் யார் இருந்தார்கள்? எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். ஒரு பெண் கரண்டியை எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள்.

அம்மா அதை அத்தையிடம் நீட்டினாள்.

"நீங்க ஊட்டுங்க அண்ணி. நான் இருட்டினப்புறம் வாயில போட்டவ. தெனமும் போட்டேன்."

மெல்லச் சொல்லவில்லை. கூட்டத்துக்குக் கேட்கட்டும் என்றே சொன்னாள். தலையைக் குனியவும் இல்லை. எனக்கு அழுகை முட்டியது. இரண்டு மாதம் பால் கொடுத்தவள் சோறு கொடுக்கும்போது மட்டும் ஏன் ஒதுங்குகிறாள் என்று கோபமாக வந்தது. கஞ்சியில் ஆவி பறந்துகொண்டிருந்தது. எனக்கு வாயெல்லாம் எச்சில்.

அத்தை கரும்பைக் கீழே வைத்தாள். கரண்டியை வாங்கவில்லை. கரண்டி பிடித்திருந்த அம்மாவின் கையைத் தன் கையால் சேர்த்துப் பிடித்தாள். அம்மா இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அத்தை விடவில்லை.

"இன்னா எல்லாரும் பாத்துக்கினு நிக்கறீங்க?" என்றாள் கூட்டத்தைப் பார்த்து. "புள்ளைக்கு பசிக்குதில்ல?"

அப்படியே இரண்டு கையுமாகக் கஞ்சியை மொண்டு என் வாயில் ஊட்டினார்கள். வெறும் அரிசியும் உப்பும்தான். அப்படி ஒரு ருசியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அம்மா அழுதுகொண்டிருந்தாள், அத்தையும் அழுதுகொண்டிருந்தாள், கரண்டி ஆடி என் கழுத்தில் கொஞ்சம் சிந்திவிட்டது. ஒரு வாய் கஞ்சி ஊட்ட இரண்டு பேர் எதற்கு என்று எனக்குப் புரியவேயில்லை. அடுத்த கரண்டிக்கு வாயைத் திறந்தேன்.